வாந்திக் கணக்கு

ஊசிகளுக்குப் பெயர் இல்லை.
மூன்று குழல்களிலும் தண்ணீர் நிறம்.
ஒன்றில் நீல ஒட்டு, ஒன்றில் மஞ்சள்,
மூன்றாவதில் வெள்ளை.
எதற்குள் எந்த மருந்து என்பது
டாக்டர் அபிஷாவின் அலமாரியில்
அரக்கு வைத்த உறைக்குள் இருக்கிறது.
எனக்குத் தெரிய வேண்டாமாம்.
தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயுமாம்.

எனக்குத் தெரிந்தது கிண்ணம்.
அவரைவிதை போல வளைந்த எவர்சில்வர் கிண்ணம்,
எந்தத் தாடைக்கும் பொருந்தும்.

ஜூன் மாதம். மேற்குக் கடலில் தடைக்காலம்.
வலையைக் கட்டிவைத்த கையோடு
குடலிறக்கத்தையும் பித்தப்பைக் கல்லையும்
ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.
பத்து மாதம் பொறுத்த வலி
இரண்டு மாதத்தில் தீர்ந்தாக வேண்டும்.

நேற்று குறும்பனை பெர்க்மான்ஸ்.
"போட்டு செரிஞ்சு கெடந்தாலும்
சாளக்கறி ஊத்திச் சோறு தின்னுவேன்"
மயக்கத்துக்குப் போகும் முன் சொன்னார்.
ஆடாத கட்டிலில், அலை இல்லாத அறையில்
நாலு தடவை.
"கரை எப்பம் வரும்?" என்று கேட்டுவிட்டு
ஐந்தாவது.
எழுதினேன்: ஆண். புகைப்பதில்லை. மஞ்சள்.

பக்கத்துக் கட்டில் தங்கையன்,
நாளுக்கு இரண்டு கட்டு பீடி,
கண் விழித்ததும் கட்டன் சாயா கேட்டார்.
புகைப்பவர்களுக்கு வாந்தி குறைவு,
அது புத்தகத்திலேயே இருக்கிறது.
"வெளிய சொல்லிராதீங்க சிஸ்டர்" என்று
டாக்டர் சிரித்தார்.

படிவத்தில் நாலு கட்டம்.
ஒன்றுமில்லை, குமட்டல், ஓங்கரிப்பு, வாந்தி.
யாரும் கட்டத்துக்குள் பேசுவதில்லை.
"வாயில வெள்ளம் ஊறுது."
"நெஞ்சுக்குள்ள எலி ஓடுது."
"இல்ல, ஆனா இப்பம் வரும்."
இப்பம் வரும் என்பதை
எந்தக் கட்டத்தில் போடுவது?
வரும் வரை காத்திருப்பேன்.
பலருக்கும் வருவதில்லை.

மறைத்தாலும் மருந்து கசியும்.
மஞ்சள் ஒட்டுக்காரர்கள் சிலர்
போர்வைக்குள் காலை ஓயாமல் அசைக்கிறார்கள்.
நீலத்தில் தலைவலி, நெற்றியில் கை.
வெள்ளையில், ராத்திரி எட்டு மணிக்கு
சர்க்கரை ஏறிக் கிடக்கிறது.
எனக்கு ஒரு ஊகம் உண்டு.
அதை விழுங்கி வைத்திருக்கிறேன்,
அதுவும் புரட்டத்தான் செய்கிறது.

குலசேகரம் ரெத்தினபாய், நீலம்.
ரப்பர் பால் வெட்டுகிறவள், ஐம்பத்திரண்டு.
பித்தப்பை போன வயிற்றைத்
தலையணையால் அழுத்திப் பிடித்தபடி
தையலைப் பற்றியே கேட்டாள்.
வாந்தி அவளுக்குப் பயம் இல்லை,
வாந்தி இழுக்கும் தையல்தான் பயம்.
ஒரு மணிக்கு ஒன்றுமில்லை.
ஆறு மணிக்கு ஒன்றுமில்லை.
இருபத்து நாலு மணிக்கும் ஒன்றுமில்லை.
நீலம் ஜெயிக்கிறது என்று
மனசுக்குள் ஒரு கோடு போட்டேன். போடக் கூடாது.

மூன்றாம் நாள் என் ஷிப்டு முடிந்து
பஸ் ஸ்டாப்புக்குப் போனால்
அவள் பஸ்சின் பின் சக்கரத்தருகே
குனிந்து நிற்கிறாள்,
ஒரு கை வயிற்றில், ஒரு கை என்னைத் தேடி.
கிண்ணம் இல்லை. என் துண்டைக் கொடுத்தேன்.
"இன்னும் ஏறவே இல்லியே" என்றேன்.
"டீசல் மணம் பட்டாப் போதும் மக்ளே.
சின்னதுலேயே பஸ்சு எனக்கு ஆவாது."

படிவத்தின் முதல் பக்கம் ஞாபகம் வந்தது.
பயண நோய் உண்டா?
இல்லை.
நான்தான் கேட்டேன்,
நான்தான் இல்லை என்று எழுதினேன்.
நோய் என்றதும் அவள் மிரண்டிருக்கிறாள்.
எத்தனை பேர் மிரண்டார்களோ.

அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை.
திரும்பி வந்து,
மிச்சமிருந்த நாற்பது படிவங்களிலும்
அச்சடித்த கேள்விக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்:
பஸ்ஸில் போனால் சர்த்தி வருமா?

நாளைக்கு டாக்டர் பார்ப்பார்.
திட்டலாம்.
எழுதி முடித்தவற்றை என்ன செய்வது என்று
அவரும் கேட்கலாம், எனக்குத் தெரியாது.
உறை அலமாரியில்தான் இருக்கிறது,
அரக்கு உடையாமல்.