உள்ளான்

அரிசிக் கணக்கு என் கையில் இருந்தது.
சிவப்புச் சட்டைப் பட்டாளத்துக்கு
ஆவணியில் ஆளுக்கு உரி,
ஐப்பசியில் உழக்கு,
கார்த்திகை பிறந்ததும் ஆழாக்கு.

பிரெஞ்சுக் குமாஸ்தா கொடுத்த பட்டியலில்
பெயர்கள் எல்லாம் அடிபட்டுக் கிடந்தன.
ஓவென்று தொடங்கி இருமலில் முடிகிற பெயர்கள்,
அயர்லாந்து என்னும் தீவின் பெயர்கள்.
டோனல் ஓ ஹுவாலஹான்.
குமாஸ்தா அதை நறுக்கி உலான் என்றான்.
என் தாளில் உள்ளான் ஆயிற்று.

காலையில் வரிசை நிற்கும்.
உள்ளான், என்பேன்.
கேள்வியும் அதுவே, பதிலும் அதுவே.
நான் ஏன் சிரிக்கிறேன் என்று
அவனுக்கு வெகுநாள் தெரியாது.

ஒரு மாலை ஊசுட்டேரிச் சேற்றில்
வாலாட்டி நடந்த பறவைகளைக் காட்டினேன்.
குளிர்நாட்டிலிருந்து வருவது. உன் பெயர்.
பறங்கிப் பேச்சும் பட்டாளத் தமிழும் குழைத்து
அவன் சொன்னான்:
பிரான்சுக்குக் கப்பலேறிய எங்களை
ஊரில் காட்டு வாத்து என்பார்கள்.
இங்கே வந்து இளைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பாட்டன் காலத்தில் கோட்டை விழுந்ததாம்.
உடன்படிக்கை மை காயுமுன் நிலம் போனதாம்.
பூசைக்கு ஒரு மழைப்பாறை,
காவலுக்கு ஒரு பையன்.
ஐந்து பவுனை நீட்டினால் போதும்,
கத்தோலிக்கன் கொட்டிலில் எந்தக் குதிரையையும்
எவனும் அவிழ்த்துப் போகலாம், அது சட்டம்.
என் அப்பனுடையது கறுப்புக் குதிரை, என்றான்.
அதற்குமேல் சொல்லவில்லை.

பிறகு அந்த உத்தரவு வந்தது.
தின்னும் வாயைக் குறைக்க
ஊர்ச்சனத்தை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்.
அப்பால் இங்கிலீஷ்காரன் துப்பாக்கி,
இப்பால் எங்கள் துப்பாக்கி,
நடுவே மழை.
மசூதித் தெரு மரைக்காயர் வீட்டுச் சமையல்காரி,
முத்திரைப்பாளையத்துத் தறிக்காரர்கள்,
என்னிடம் கடன் வைத்திருந்த சுண்ணாம்புக்காரன் பொன்னம்பலம்,
எல்லோரும் குனிந்து
புல்லின் வேரைப் பிடுங்கினார்கள்.

மதிலில் உள்ளான் என் பக்கத்தில் நின்றான்.
ஏழு வயதில் எங்கள் ஆறு கல்லானது, என்றான்.
குழியில் வைத்த கிழங்கு கண்ணாடியாகி,
பிறகு கறுத்து, பிறகு நாறியது.
அம்மாவின் வாய் பச்சையாக இருந்தது.

நீர் கல்லாகும் என்பதை நான் நம்பவில்லை.
வாய் பச்சையாகும் என்பதைக்
கீழே பார்த்துத்தான் நம்பினேன்.

இரவில் அவன் தன் மொழியில்
எதிரிப் பள்ளத்தை நோக்கிக் கத்தினான்.
பள்ளத்திலிருந்து அதே மொழியில் ஒருவன் பதில் கத்தினான்.
அந்தப் பக்கமும் சிவப்புச் சட்டைதான்.
எந்த ஊர் என்று கேட்டிருப்பான்,
வேறென்ன கேட்க இருக்கிறது.

நான்காம் இரவு
கொத்தளத்தில் ஒரு கயிறு தொங்கியது.

விடிந்தது. உள்ளான், என்றேன்.
ஈ பறக்கும் சத்தம்.
உள்ளான்.
அடித்துவிடு என்றான் அதிகாரி,
திரும்பிப் பார்க்காமலே.
இருபது வருடத்தில் ஒரு புள்ளி பிசகாத கை
பெயருக்கு நேரே ஆழாக்கு என்று எழுதியது.

முதல் நாள் அரிசியை நானே தின்றேன்.
மறைக்கப் போவதில்லை.
பசித்தது.
மற்ற நாட்களில் அவன் கயிற்றிலேயே
கிழிந்த சட்டைக்கையில் முடிந்து இறக்கினேன்.
வெறும் துணி மேலே வரும்,
அவிழ்த்தவர் முகம் தெரியாது.
எட்டாம் நாள் இங்கிலீஷ்காரன் வழி விட்டான்.
சனம் போயிற்று. நடக்க முடிந்த சனம்.
அதில் சிவப்புச் சட்டை இல்லை.
சட்டையைக் கழற்றியிருக்கலாம்.

தையில் கோட்டை விழுந்தது.
மதிலைக் கல் கல்லாய்ப் பிரித்தார்கள்.
கணக்கைக் கேட்டு எவனும் வரவில்லை.
நானாகக் கூட்டிப் பார்த்தேன்,
கீழிருந்து மேலும் கூட்டினேன்.
ஓர் ஆழாக்கு இடிக்கிறது.