வளைவில்லாத வீதி

கிரேட் யார்மத்துக்கும் ஏக்கிளுக்கும் நடுவே
வீதிக்கு வளையத் தெரியாது.
இரு பக்கமும் வாய்க்கால், அதற்கப்பால் சதுப்பு,
தூரத்தே இறக்கை கழன்ற ஒரு காற்றாலை.
ஓரங்கட்ட இடமில்லை.
இங்கே ஒரு கார் நின்றால்
ஊரே நிற்கும்.

அன்று மாலை ஐந்தரைக்கு ஊர் கிளம்பியது.
இரவு பத்து மணிக்குக் கடல் சுவரேறும் என்று
பொலிஸ் கதவு கதவாகத் தட்டியிருந்தது.
மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டு
நான் கடலைப் பார்த்துப் போனேன்.
எதிரே வந்த வெளிச்சங்கள் எல்லாம்
பைத்தியக்காரி என்று கண்ணடித்தன.

முதல் வண்டியில் பழுது எதுவுமில்லை.
அவசரத்தில் டீசல் காருக்குப் பெட்ரோல் அடித்திருந்தாள்.
கோழித் தொழிற்சாலையின் வலைத்தொப்பி
இன்னும் தலையில் இருக்க
ஃபிலோமெனா இறங்கி வந்து கேட்டாள்:
"மெக்கானிக் எப்போது வருவார்?"
"வந்துவிட்டார்" என்றேன், கொக்கியை மாட்டியபடி.
காற்று அந்தப் பதிலைப் பிடுங்கி
வாய்க்காலில் போட்டது.

ஏக்கிள் சுற்றுவட்டத்தில் அவளை இறக்கிவிட்டு
மறுபடி கடலுக்கு.
கையுறையோடு கொளுவியின் துளை தட்டுப்படாது,
கழற்றினால் விரலே தட்டுப்படாது.

டெரிக் ஹாலமின் இடது பின்சக்கரம் செத்திருந்தது.
உபரிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் அடியில்.
ஒவ்வொன்றாய் எடுத்துப் புல்லில் வைத்தோம்:
அம்பெறிப் போட்டியில் வென்ற பதினொரு கோப்பைகள்,
ஒரு வாணலி,
நனைந்து கனத்த கம்பளி நாய்.
இரத்த அழுத்த மாத்திரை மட்டும்
சமையலறை ஜன்னலில் மறந்துபோயிற்று.
"உங்கள் நாட்டில் இதெல்லாம் பழக்கம்தானே?" என்றார் அன்பாக.
"நான் பிறந்தது லூட்டனில்" என்றேன்.
அம்மா என்றால் வேறு பதில் சொல்லியிருப்பாள்.
அவள் ஓடி வந்த வீதியில்
ஸ்பேனரோடு ஒருவரும் நிற்கவில்லை.

ஐந்து நட்டில் ஒன்று இருட்டில் காணாமல்போனது.
பின்னால் நானூறு கார்கள் ஹார்ன் அடித்தன.
நாலு போதும், நோரிச் வரை தாங்கும்,
முப்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று
கோப்பைகளை அவர் மடியிலேயே அடுக்கினேன்.

அதன்பின் அவள்.
நீலச் சீருடை, முழங்கால் வரை சேறு,
எல்லோரும் வரும் வழியில் எதிரே நடக்கிறாள்.
அவள் காரைப் பொலிஸ் திருப்பி அனுப்பிவிட்டது.
சவுத்டவுனில், மூன்றாம் மாடியில்,
வர மறுத்த ஒரு மனிதர்.
மின்சாரம் போனால்
அவர் மூச்சு இயந்திரத்துக்கு நாலு மணி நேர மின்கலம்.
என் வண்டியில் இரண்டு இருக்கை.

வழியெல்லாம் அவள் பேசவில்லை.
உதடு மட்டும் அசைந்தது;
பிரார்த்தனை என்று நினைத்தேன்,
மணிக்கணக்கு.
பாலத்தருகே தெருவிளக்குகள் ஒருமுறை இமைத்தன,
பிறகு திறக்கவேயில்லை.
அவள் கதவை மூடவும் மறந்து ஓடினாள்.
அழைப்புப் படிவத்தில்
'வாகனத்தின் பழுது' என்றொரு கட்டம்.
அதை வெறுமையாய் விட்டேன்.

பத்து மணிக்குக் கடல் வந்தது.
சுவரின் விளிம்புக்கு நாலு விரல் கீழே
என்ன நினைத்ததோ, நின்றது.

மறுநாள் அதே வீதியில் ஊர் திரும்பியது.
சும்மா கிளப்பினார்கள் என்று
பெட்ரோல் நிலையத்தில் ஒரே முணுமுணுப்பு;
ஒருவர் என்னிடமே சொன்னார்,
என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தபடி.
சவுத்டவுனைப் பற்றி யாரும் பேசவில்லை.
நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு
சலவை இயந்திரத்துக்குள் கடகடவென்று ஒரு சத்தம்.
நிறுத்திக் கையை விட்டுத் துழாவினேன்.
வேலைக் காற்சட்டைப் பையில்
டெரிக் ஹாலமின் ஐந்தாவது நட்டு,
பளபளவென்று,
சூடாக.