காலிக் கை

மேசையை விட்டு நகரும்போது
இரண்டு கையையும் ஒருமுறை தட்டி
உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்ட வேண்டும்,
கூரையில் இருக்கும் கேமராவுக்கு.
சில்லு எதையும் எடுத்துப் போகவில்லை என்று அர்த்தம்.
பத்தொன்பது வருடமாகத் தட்டுகிறேன்,
ஒரு ஷிஃப்டுக்கு ஆறு தரம், ஏழு தரம்.

அட்லாண்டிக் சிட்டியில், கடலுக்கு நேர் எதிரே வேலை.
கடல் தெரியாது. சன்னல் கிடையாது.
கடிகாரமும் வைக்க மாட்டார்கள்.
மணி என்ன என்று
சாம்பல் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்வேன்.

இந்த மாநிலத்தில்
உணவகத்துக்குள் புகைக்கக் கூடாது,
மதுக்கூடத்தில் கூடாது, அலுவலகத்தில் கூடாது.
சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள்தாம்.
கடைசியில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டார்கள்:
சூதாட்டத் தளத்தில் கால்வாசிக்கு விலக்கு.
சட்டத்தின் விதி ஊருக்கு,
தலையில் எழுதிய விதி எங்களுக்கு.
கம்பளத்தில் பித்தளைப் பட்டை பதித்திருக்கிறார்கள்,
இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் இல்லை.
புகைக்குத்தான் அந்தப் பட்டையைக் காட்ட மறந்துவிட்டார்கள்.

ஆறாம் மேசை, என் மேசை, இந்தப் பக்கம்.

செவ்வாய்தோறும் ஹாலிஸ் பெம்பர்டன் வருவார்.
படகு எஞ்சின் பழுதுபார்த்த கை, மனைவி இறந்த வீடு.
புகையை விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
"மன்னிச்சுக்கோ, வெர்னெல்."
குளிர்சாதனம் அதைச் சுற்றி அழைத்துவந்து
என் மூக்கடியில் விடும்.
நான் கையால் விசிறக் கூடாது.
முகம் சுளிக்கக் கூடாது, ஓரடி பின்வாங்கக் கூடாது.
பந்தயம் வைப்பவர் மனம் கோணுமாம்.
சீட்டை எடுத்துப் போடுகிறேன், இரண்டு, பத்து, ராணி,
மூச்சைத் தவணை தவணையாக இழுத்தபடி.

புகை பிடிப்பவர் அவர்.
புகை பிடித்துக்கொண்டது என்னை.

ஒன்பதாம் மேசை லோரெட்டா கபுட்டோ
ஒரு சிகரெட்டை விரலால் தொட்டதில்லை.
தேவாலயத்துச் சாம்பிராணிக்கே தும்முவாள்.
போன மார்ச்சில் அவள் வலது நுரையீரலின்
கீழ்ப்பகுதியை எடுத்தார்கள்.
மருத்துவர் கேட்டாராம், ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?
என்னுடையதா, மற்றவர்களுடையதா
என்றாளாம் இவள்.

ட்ரென்டனில் விசாரணைக் குழு. எனக்கு இரண்டு நிமிடம்.
எழுதிக்கொண்டு போன தாளை மடித்தே வைத்திருந்தேன்.
மகளுக்கு ஆஸ்துமா, என்றேன்.
வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் கட்டுகிறேன்,
குளித்துவிட்டுத்தான் அவளைத் தொடுகிறேன்,
அதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள்.
ஓர் உறுப்பினர் கேட்டார்,
கேலியாக இல்லை, அக்கறையாகவே:
வேறு வேலை பார்க்கலாமே அம்மா?
ஐயா, உங்கள் மேசையில் ஏன் சாம்பல் கிண்ணம் இல்லை?
யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். மணி அடித்தது.
எழுந்தேன்.
பழக்கம்,
கையைத் தட்டி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டேன்.
அவர்களுக்குப் புரியவில்லை.
லோரெட்டாவுக்குப் புரிந்தது. குனிந்துகொண்டாள்.

வாக்கெடுப்பு தள்ளிப்போனது.
அடுத்த மாதம் என்றார்கள், பிறகு இலையுதிர் காலம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பெம்பர்டன் வந்தார்.
டிவியில பாத்தேன் உன்னை, என்றார்.
ஒரு மணி நேரம் சிகரெட்டைப் பற்றவைக்காமல்
விரலிடுக்கில் வைத்தே ஆடினார்.
தோற்றுக்கொண்டிருந்தார்.
"சட்டம் வரட்டுமே. வெளிய போய்ப் பிடிக்கிறேன்.
கடலையாவது பாப்பேன்."
பக்கத்து நாற்காலிக்காரர் லைட்டரைத் தட்டினார்.
பெம்பர்டன் என்னைப் பார்த்தார்,
நான் சீட்டைப் பார்த்தேன்.
பத்தும் ஆறும். எந்தப் பக்கமும் போக முடியாத கை.

மாற்று ஆள் வந்து என் தோளைத் தொட்டாள்.
ஒரு தட்டு. உள்ளங்கை மேலே.
கூரைக்கு எல்லாம் சரியாக இருந்தது.
இருமலை மட்டும்
லிஃப்ட் கதவு மூடும்வரை
அடக்கிக் கொண்டுபோனேன்.