ஓயா வழியாக

கரட் கழுவுவது ராத்திரி வேலை.
அந்நேரத்துத் தண்ணீர் எலும்பைக் கேட்கும்.
தைரியநாதனும் மச்சான்மார் இருவரும்
தொட்டியில் இறங்கி மிதிப்பார்கள்,
மண் கரைந்து நிறம் தெரியும் வரை.
நான் டோர்ச் வெளிச்சத்தில் மூட்டை எண்ணுவேன்.
மூன்று மணிக்கு லொறி.
விடிந்தால் தம்புள்ளையில் விலை இருக்காது.

இந்தப் பள்ளத்தாக்கைப் பிரித்தது
துரை என்பார்கள், அரசாங்கம் என்பார்கள்.
என் கணக்குக் கொப்பி ஓயா என்கிறது.
ரோதை சுற்றத் தண்ணீர் விழுந்த இடத்தில் ஆலை,
ஆலைச் சங்கு கேட்கிற தூரத்தில் லயம்,
இருபது வீட்டுக்கு ஒரு பீலி.
சரிவு களைத்த இடத்தில் நாங்கள் குத்தகைக்குக் கொத்தும் பாத்தி.
இன்னும் கீழே
ஓயா படுத்துக்கொள்ளும் இடம் ரன்பண்டாவின் வயல்;
நெல் அறுத்த ஈரத்திலேயே கிழங்கு போடுவார்.
இரண்டு ஓடை முட்டும் முக்கில் பாலம்.
பாலத்தடியில் மஹ்ரூப் நானா உரக்கடை வைத்தார்,
கடைக்கு ஆள் வந்தது, ஆளுக்கு பஸ் நின்றது,
இப்போது அதற்கு டவுன் என்று பேர்.

கரைக்கெல்லாம் யாரிடமோ உறுதி இருக்கிறது.
தண்ணீருக்கு இல்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம்,
மலைக்கு அந்தப் பக்கம் மழை.
முதலில் சத்தம் வந்தது.
பிறகு தொட்டி இல்லை.
பத்தொன்பது மூட்டை.
தைரியநாதன் கொய்யா வேரைப் பிடித்துக்கொண்டு
கெட்ட வார்த்தையால் சாமியைக் கூப்பிட்டான்.

விடிய ஒரு போன்.
ரன்பண்டா, தன் தமிழில்:
"உங்க கரட் வந்திருக்கு.
வாய்க்கால் அடைச்சிருக்கு. ஆள் அனுப்பு."

மண்வெட்டியோடு இறங்கினோம்.
நாற்றுக்கு நடுவே கரட், மதகில் கரட்,
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைமடியில் கரட்.
ஒரு மாடு
அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தது.
வாய்க்கால் வெட்டி முடிய
ரன்பண்டாவின் மனைவி தேநீர் தந்தார்.
எங்கள் மலைத் தூள்தான்:
கொழும்புக்குப் போய், ஏலத்தில் நின்று,
பக்கெட்டுக்குள் ஏறி
இந்த இரண்டு மைல் கீழே வந்து சேர்ந்திருக்கிறது.
கரட்டுக்கு அரைமணி போதுமாயிருந்தது.

அன்றைய பக்கத்தில் எதை எழுதுவது?
லொறிக் கூலி இல்லை, தரகு இல்லை,
தராசில் வெட்டிய கிலோவும் இல்லை.
"ஓயா வழியாக, பத்தொன்பது, கீழே" என்று எழுதி
வரவுப் பக்கத்தை வெறுமையாய் விட்டேன்.

பத்து நாள் கழித்து
மாலை பஸ்ஸில் ஒரு மூட்டை கிழங்கு வந்தது,
முன் சீட்டில், தனியாக.
அதற்கும் ஒரு டிக்கட் எடுத்து
முடிச்சில் செருகியிருந்தார்.