கிழக்கே கடல்

கோவையின் ஆறாம் பக்கத்தில்
மடித்து ஒட்டிய நில அளவைப் படம்.
துண்டு பதினேழு.
வடக்கே முகத்துவாரம், மேற்கே தெரு ஒதுக்கம்,
தெற்கே பாறை,
கிழக்கே கடல்.

ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருக்கிறார்:
கட்டடம் இல்லை. கிணறு இல்லை.
நிலையான பயிர் இல்லை.
இராவணன் மீசையும் அடம்பன் கொடியும்.
அபிவிருத்தி என்ற கட்டத்தில் ஒரு கோடு.

பதினொரு வருசம் இந்தக் கச்சேரியில் இருக்கிறேன்.
ஒரு காணியை இப்படிப் புகழ்ந்து
நான் வாசித்ததில்லை.

அதே கோவையின் முதல் பக்கத்தில்
நாற்பத்திரண்டு அறைக்கு ஒரு விண்ணப்பம்.
நீச்சல் தடாகமும் வேண்டுமாம்,
கடலிலிருந்து முப்பது மீற்றர் தள்ளி.

போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்றேன்.
பஸ்மியா கல்குலேற்றரிலிருந்து விரலை எடுத்தாள்.
"எப்ப?"

ஞாயிறென்றால் நிலாவெளி வரைக்கும் பஸ் பஸ்ஸாக ஆட்கள்.
போயா நாள் அதைவிட மோசம்.
வெள்ளி அவளுக்குச் சரிவராது,
திங்கள் பொதுமக்கள் நாள்.
புதன். அரை நாள் லீவு.
காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதலாம்,
பொய் இல்லை.

நளீமின் ஓட்டோ.
இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி
எத்தனையாம் கட்டையில் திரும்புவது என்று கேட்கிறான்.
"இடத்திட பேரச் சொல்லுங்க அக்கா."
துண்டு பதினேழு என்றேன்.
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
"நேவி முகாம் இருந்த பக்கமா?
அங்க கனகாலமா ஒருத்தரும் போறதில்ல."

அதுதான்.
அந்தக் கரை கெடாமல் கிடப்பதற்கு
நாங்கள் நல்லவர்களாய் இருந்தது காரணமில்லை.
முள்ளுக்கம்பி காத்தது. பயம் காத்தது.
மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை ஒன்று
எத்தனை ஆமைகளை
நிம்மதியாய் முட்டையிட விட்டதோ.
அதற்கு நன்றி சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

என்ன கொண்டுபோவது?
இடியப்பம், வாழையிலையில் கட்டலாம்.
சம்பலுக்கு சொப்பிங் பாக் வேண்டாம், சில்வர் டப்பா.
தண்ணீர்ப் போத்தல் இரண்டு,
இரண்டும் திரும்பி வர வேண்டும்.
குடையைக் கச்சான் காற்று பிடுங்கிவிடும்;
மூன்று மணிக்குப் பிறகு இறங்கினால்
மணலும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

குலசிங்கம் அண்ணன் தானும் வருவாராம்,
மனைவியோடு, மருமகனோடு.
மருமகனிடம் ட்ரோன் இருக்கிறதாம்.
அடுத்த நாள் அவரிடம்
பயணம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.
இது பொய்.

"ஒரு படம் மட்டும்" என்றாள் பஸ்மியா.
அந்த ஒரு படம்
புதன் இரவே கட்டாருக்குப் போகும், கனடாவுக்குப் போகும்,
சனிக்கிழமை புரியாணிச் சட்டியோடு
திரும்பி வரும்.
போன்களை மேசை லாச்சியில் பூட்டுவதென்று முடிவு.
தலையாட்டினாள்.
அவளை நான் முழுக்க நம்பவில்லை,
என்னையும்தான்.

எல்லைக்காரருக்கு அறிவித்தல் அனுப்புவது வழமை,
ஆட்சேபனை இருந்தால் விசாரணைக்கு வந்து சொல்லட்டும் என்று.
தெருவுக்கு உரியவர்களுக்குக் கடிதம் அடித்தாயிற்று.
மற்ற மூன்று பேருக்கும்
முகவரி இல்லை.

கோவை இப்போது
என் சாப்பாட்டுப் பைக்குக் கீழே கிடக்கிறது.
இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள்.
வியாழன் காலை மேலே போயாக வேண்டும்.
நான் எழுதும் குறிப்பால்
நாற்பத்திரண்டில் ஒரு அறைகூடக் குறையாது, தெரியும்.

ஆனாலும் புதன் பின்னேரம்
செருப்பைத் தெரு ஒதுக்கத்தில் கழற்றிவிட்டு
படத்தில் கீறிய கோடெல்லாம் தாண்டி
கிழக்கு எல்லைக்குள்
கரண்டைக்கால் வரைக்கும் நின்று வர வேண்டும்.

ஆளுக்கு எத்தனை இடியப்பம் என்பது
இன்னும் முடிவாகவில்லை.