பாசிட்டிவ் எர்த்

வாலிநோக்கத்து உப்பளத்தின் ஓரம்
முகப்பைத் திறந்துபோட்டு நிற்கிறது ஃபார்கோ.
வயது எழுபதைத் தொடும். ஆர்.சி. புத்தகத்தில்
வருடம் இருந்த இடத்தைக் கரையான் படித்துவிட்டது.

இஞ்சினைக் குறை சொல்ல முடியாது.
கெட்டது டைனமோ.
விளக்கைப் போட்டால் ஹாரன் இருமும்,
ஹாரனை அடித்தால் விளக்கு
கருப்பட்டி நிறத்துக்கு இறங்கும்.

"விடியக்காலம் மூணு மணிக்கு லோடு.
பாதை தெரியணும், அவ்வளவுதான்" என்றாள் சுலைகா.
மதுரையிலிருந்து ஒருவர் வந்து
எதையும் மாற்றாமல் கொடுத்தால் இவ்வளவு என்று
விரலை விரித்துக் காட்டிப் போயிருந்தார்.
டீ கொடுத்தாளாம். வண்டியைக் கொடுக்கவில்லை.

ஆம்னியில் கழற்றிய ஆல்டர்னேட்டர்
டைனமோ படுத்திருந்த தொட்டிலில்
அப்பன் செருப்பில் பிள்ளைக் கால்.
தாங்குப்பட்டைக்கு, இதே கரையில் உடைத்த
ஏதோ ஒரு கப்பலின் தகடு,
உப்பு தின்று மிச்சம் வைத்தது.
இரண்டு துளைக்கு மூன்று பிட் முறிந்தது.

வம்பு பெல்ட்டில்தான்.
பழைய புல்லியின் பள்ளம் அகலம்,
புது பெல்ட் ஒல்லி;
அடியில் போய் உட்கார்ந்துகொண்டு
சுற்றாமல் கத்தியது.
கீழக்கரை லேத்தில் கோட்டைச்சாமி
ஆல்டர்னேட்டர் தண்டுக்கு
அகலப் பள்ளத்தில் ஒரு புல்லி கடைந்தார்,
கூலியில் பாதி உப்பாக.

நேர் பிடிக்க
நண்டுவலை மிக்கேலிடம் தங்கூஸ் வாங்கி
கிராங்கிலிருந்து ஃபேனுக்கு, ஃபேனிலிருந்து புதியவனுக்கு
இழுத்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
ஒரு வாஷர் கனம் விலகல்.
வாஷர் போட்டேன்.
இல்லை, அரை வாஷர்.
அரத்தை எடுத்து உட்கார்ந்தேன், வெயில் சாயும்வரை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கம்.
இந்த வண்டியில் மண்தான் பாசிட்டிவ்.
அந்தக் காலத்துக் கணக்கு.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும், பாட்டரியை இருந்தபடியே விட்டு
கம்பியைத் தொடுத்தேன்.
டப்.
டையோடு தீய்ந்த வாசனையில்
ரெண்டாயிரத்து நானூறு, என் காசு.

மறுநாள் இன்னொன்று.
பாட்டரியைத் திருப்பினேன்,
ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கினேன்,
முள் பின்னால் ஓடாதபடி
அம்மீட்டர் கம்பிகளை இடம் மாற்றினேன்,
பல்பெல்லாம் புதிது.
ஹாரனை மறந்தேன்.

மூன்று மணி. சுலைகா அழுத்தினாள்.
ஆறு வோல்ட் தொண்டைக்குள் பன்னிரண்டு:
பாத்தி வரப்பில் தூங்கிய கொக்கு அத்தனையும் எழுந்தது,
பாங்குக்கு முன்னே ஊர் எழுந்தது,
மிக்கேல் கரையிலிருந்து என்னை
அம்மாவை இழுத்துத் திட்டினான்.
இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.
"இது இப்படியே இருக்கட்டும்."

வெளிச்சம் குவியல் குவியலாக உப்பில் ஏறிப் போனது.
முள் வலப்பக்கம் சாய்ந்து நின்றது.
பெல்ட்டிடமிருந்து ஒரு பேச்சு இல்லை.
ஆயிரம் கிலோமீட்டரில் தளரும்,
கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

டைனமோவை என்ன செய்ய என்றதற்கு
கொட்டகைக் கதவைக் காட்டினாள்.
கச்சான் காற்றில் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும் கதவு.
செம்பும் இரும்புமாய்ப் பத்துக் கிலோ
இப்போது அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
மதுரைக்காரர் மறுபடி வந்தால்
பார்த்துக் கால் வைக்க வேண்டும்.