குறியீடு இரண்டு

இரவு பதினொன்றரை. கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
லப்டொப்பில் தொகைமதிப்புக் கோப்பு,
நானூற்றுப் பதினேழு மாறிகள்,
தலையும் வாலும் வெட்டிய மீன்களைப்போல
பாதிப் பெயர்களோடு.
வீ-பன்னிரண்டு: கூரை. வீ-பதின்மூன்று: தரை.
ஓலையா ஓடா தகரமா, சாணமா சீமெந்தா,
எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

நான் தேடுவது
இந்தக் குடாநாட்டில் யாருக்கு எந்தக் கிணறு என்பதை.

முதலில் நேர்வழியில் போய்ப் பார்த்தேன்.
தேடற்பெட்டியில் சாதி என்று அடித்தேன்.
பொருத்தமானவை எதுவுமில்லை.
இனம் உண்டு, சமயம் உண்டு.
இதை மட்டும் அரசாங்கம் கேட்பதில்லை.
ஊரும் கேட்பதில்லை.
"ஊரில எவடம்?" என்று கேட்கும்.
கொஞ்சம் பொறுத்து
"எந்தக் கோயிலடி?" என்று கேட்கும்.
இரண்டு மாறிகள்.
என் மென்பொருளுக்கு இன்னும் அந்தக் கெட்டித்தனம் வரவில்லை.

"நேரே கேட்க ஏலாட்டி பதிலி மாறி ஒன்றைப் பிடி"
என்றாள் அறைத்தோழி அனொஜா,
நுளம்புவலைக்குள் இருந்து, பாதித் தூக்கத்தில்.

பிடித்தேன். வீ-பத்தொன்பது, குடிநீரின் பிரதான மூலம்.
ஒன்று: வளவுக்குள் பாதுகாக்கப்பட்ட கிணறு.
இரண்டு: வளவுக்கு வெளியே பாதுகாக்கப்பட்ட கிணறு.
கட்டுக் கட்டியிருந்தால் பாதுகாக்கப்பட்டதாம்,
அடிக்குறிப்பு சொல்கிறது.
யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

இரண்டுகளை மட்டும் பிரித்தெடுத்தேன்.
வேலணையில் இரண்டு என்றால் வீட்டுக் கிணறு உவர்.
சுன்னாகத்தில் இரண்டு என்றால் எண்ணெய்ப் பயம்.
எங்கள் ஒழுங்கையில் இரண்டு என்றால்
வாளியைத் தொடாமல் நிற்பது.
ஒரே இலக்கம்.
எண்பத்தொன்றோடு ஒப்பிடலாமென்றால் குறியீடுகள் வேறு.
தொண்ணூற்றொன்றில்
இங்கே எண்ணுவதற்கு ஒருவரும் வரவில்லை.

பிறகு, செய்திருக்கக் கூடாது,
எங்கள் பிரிவை வடித்தெடுத்தேன்.
இரண்டு ஒன்றுகூட இல்லை.
எல்லா வீடும் ஒன்று, ஒன்று, ஒன்று,
புதுக் கதியால் நட்டதுபோல நேராக.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது.
எட்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் லீவு.
படிவத்தோடு வந்தவர் கதிரை நுனியில் இருந்தார்.
அம்மா சொன்னா, "வளவுக்கதான் தம்பி."
எங்கள் வளவுக்குள் இருந்தது ஒரு கதலி வாழை,
மாரியில் மட்டும் நிரம்புகிற தார்ப் பரல்.
அவர் எட்டிப் பார்க்கவில்லை.
ஒன்று என்று எழுதினார்.
தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.
"இப்பதான் குடிச்சனான்" என்றார்.
பக்கத்து வீட்டிலும் இப்பதான் குடித்திருந்தார்.
அதற்கடுத்த வீட்டிலும்.
ஆடை கட்டிய கோப்பையை அம்மா வாழையடியில் ஊற்றினா.

வழு எழுந்தமானமானது என்று எடுகோள் எடுக்கச் சொல்லி
பாடப்புத்தகம் சொல்கிறது.
எடுத்துப் பார்த்தேன். வரவில்லை.

காலமை அம்மாவுக்கு அடித்தேன்.
"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"
பின்னால் கோழி கத்தியது, இடியப்ப உரல் நெரிந்தது.
"அவன் கேட்டது தண்ணிய இல்லை" என்றா.
அதற்குமேல் கதைக்கவில்லை.
மாமியின் சுகர் பற்றிச் சொன்னா.

அட்டவணையில் புதிய நிரல் ஒன்று திறந்தேன்.
பெயர்: நடை. அலகு: அடி.
வெறுமை, வெறுமை, வெறுமை, கீழே வரைக்கும்.
சனிக்கிழமை பஸ்ஸேறி வந்து
ஒழுங்கையில் நின்று போனில் அடியெண்ணும் செயலியைத் தட்டினேன்.
அம்மா படலைக்குள் இருந்து கேட்டா,
"குடத்தோடயா அளக்கிறாய், குடமில்லாமலா?"

அழித்துவிட்டு
இரண்டு நிரல்கள் போட்டேன்.
போகும்போது.
வரும்போது.